லண்டனுக்கு இலங்கை மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பிரித்தானிய வெளியுறவுச் செயலாளர் அவர்களுக்கும், கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகர் அவர்களுக்கும்,

அம்மாவைப் பெற்றவரான, காலஞ்சென்ற என் அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகரத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். மேல் விளிம்பில் கயிறு கோர்க்க ஓர் ஓட்டை. நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் எண்கள். எழுத்து மாவட்டத்தையும் எண்கள் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும். பெயர் பொறிக்க அதில் இடம் விடவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அம்மாயியின் தாய் இதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்த தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தார். கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கினார்.

அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் பெற்ற மகள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று உங்கள் நாட்டு ஆவண நிலையம் ஒன்றுக்கு எழுதினேன். தனிநபர்களைத் தேடித் தருவதற்கு வசதியில்லை, வேண்டுமானால் நேரில் வந்து கோப்புகளைப் பார்வையிடலாம் என்று பதில் வந்தது. மரியாதையான கடிதம். ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் நேரில் வர விசா வேண்டும். விசா கேட்டால், திரும்பி வருவதற்கு உன் நாட்டில் என்ன இருக்கிறது, சொத்துப் பத்திரம் காட்டு என்பார்கள். எண்பது வயதைத் தொடும் என் அம்மா இன்றும் குடியிருக்கும் லயன் காம்பராவுக்கு, தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறைக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது. அவர் பிறந்ததும் அங்கேதான். அந்த லயனைக் கட்டியது உங்கள் நாட்டுக் கம்பனி.

இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பதில்தான். ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான உறவைப் பற்றி இரு நாட்டு அதிகாரிகளும் பேசும்போதெல்லாம் வர்த்தகம் வருகிறது, கல்வி வருகிறது, பாதுகாப்பு வருகிறது, கிரிக்கெட்கூட வருகிறது. அந்த உறவின் காரணமாகவே இந்த மண்ணில் பிறந்த ஒரு சமூகம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 839,504 பேர். மலைநாட்டில் கோப்பி பயிரிட ஆள் வேண்டும் என்று 1823-இலிருந்து உங்கள் ஆட்சி அழைத்துவரத் தொடங்கியவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். உறவு பேசப்படும் மேசையில் எங்களுக்கு ஒருநாளும் நாற்காலி போடப்பட்டதில்லை.

பழைய கதையை முழுதாகச் சொல்லப் போவதில்லை. அது எங்களைவிட உங்கள் கோப்புகளுக்கு நன்றாகத் தெரியும். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்கும் கங்காணிமார் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் எத்தனை பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு எங்களிடம் இல்லை. விழுந்த இடத்தில் கல்லறையும் இல்லை. பிழைத்து வந்தவர் கடனோடுதான் வேலையைத் தொடங்கினார். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை உங்கள் ஆட்சிக்கு மனம் வரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரை 1937-இல் நாடு கடத்த உத்தரவிட்டார் உங்கள் தேசாதிபதி, அதாவது ஆளுநர். அந்த உத்தரவு செல்லாது என்று சொன்ன நீதிமன்றமும் இங்கேதான் இருந்தது. வெள்ளைக்காரர் எல்லாருமே எங்களுக்கு எதிரிகளாக இருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை என்பதற்காகவே அவரை இங்கே நினைவுகூர்கிறேன்.

நான் கேட்கவந்தது நீங்கள் ஆண்டதைப் பற்றிக்கூட அல்ல. நீங்கள் கிளம்பிப் போன விதத்தைப் பற்றி.

1947 நவம்பர் 11-ஆம் தேதி பிரித்தானியாவும் இலங்கையும் மூன்று உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன. முதலாவது பாதுகாப்பு: உங்கள் கடற்படையும் விமானப்படையும் இங்கே தொடர்ந்து தங்கலாம். திருகோணமலையும் கட்டுநாயக்கவும் 1957 வரை உங்கள் கையில் இருந்தன. இரண்டாவது வெளிவிவகாரம். மூன்றாவது, இலங்கையில் பணியாற்றிய உங்கள் அரச உத்தியோகத்தர்களின் சேவை நிபந்தனைகளையும் ஓய்வூதியத்தையும் காப்பது. அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு வயதான காலத்தில் கஞ்சி வார்க்க ஓர் உடன்படிக்கை எழுதத் தோன்றியிருக்கிறது. அது நியாயம்தான். அவர் குடித்த தேநீருக்குக் கொழுந்து பறித்தவளுக்காக நான்காவதாக ஒரு தாள் எழுத வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் விளைவைப் பார்க்க ஓர் ஆண்டுகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்காத தோட்டத்தில் பிறந்தவர் எந்த அத்தாட்சியைக் கொண்டுபோவார்? அம்மாயி இந்த மலையில் பிறந்தவர். அவருடைய தகப்பன் இங்கே பிறந்தவர் இல்லை. அல்லது பிறந்திருந்தாலும் காட்டத் தாள் இல்லை. ஒரே நாளில் அவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார். அடுத்த ஆண்டு வந்த சட்டங்களில் ஒன்று விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது, இன்னொன்று வாக்குரிமையை எடுத்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் கிடைத்தது.

இது சுதந்திர இலங்கை செய்த காரியம், எங்களைக் கேட்காதே என்று நீங்கள் சொல்லக்கூடும். அதைத்தான் எழுபது வருடமாகக் கேட்டுவருகிறோம். இந்த அநியாயத்தில் இலங்கை அரசுக்குள்ள பொறுப்பிலிருந்து ஒரு மயிரிழையைக்கூட நான் குறைக்கவில்லை. அவர்களுக்கு எழுத வேண்டியதை அவர்களுக்கு எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கு அரசரின் பெயரால் ஒப்புதல் கொடுத்த மகாதேசாதிபதி சர் ஹென்றி மொங்க்-மேசன் மூர் உங்கள் நாட்டவர், இலங்கையின் கடைசித் தேசாதிபதியாக இருந்தவர். எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்ற பிரிவை எழுதிக் கொடுத்து, சிறுபான்மையினருக்கு இதுவே காப்பு என்று சொன்னது உங்கள் அரசு. அந்தக் காப்பை நம்பி எங்களவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். கொடகன்பிள்ளை வழக்கு கடைசியில் லண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்கு வந்தது. 1953-இல் உங்கள் நீதிபதிகள் அந்தச் சட்டங்கள் 29(2)-ஐ மீறவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். எங்களுக்கு இருந்த கடைசிக் கதவு லண்டனில் இருந்தது. அதை அடைத்ததும் லண்டன்தான்.

பிறகு எங்களை எண்ணிப் பங்கு போட்டார்கள். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்கு எங்களையும் அழைக்கவில்லை, அழைத்துவந்த உங்களையும் அழைக்கவில்லை. அழையுங்கள் என்று நீங்களும் கேட்கவில்லை.

என் தாய்மாமன் நீலகிரிக்குப் போகும் பட்டியலில் வந்தார். அம்மாயியும் அம்மாவும் வரவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் பக்கம் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. ஸ்டேஷனில் அம்மாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு கூடவே நடந்தார். மேடை முடியும் இடத்தில் யாரோ அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். மாமா ஜன்னலுக்கு வெளியே ஒரு பொட்டலத்தை நீட்டிக்கொண்டே போனார். வழிக்கென்று அம்மாயி கட்டிக் கொடுத்த ரொட்டியில் பாதியை அவர் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னார். அது 1973-74 பஞ்ச காலம். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாயி சாகும்வரை மாமாவை மறுபடி பார்க்கவில்லை.

அதற்கடுத்த வருடம் நடந்ததைத்தான் நீங்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன். 1975-இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. உங்கள் நாட்டு ஸ்டெர்லிங் கம்பனிகளின் தோட்டங்களும் அதில் இருந்தன. அந்தக் கம்பனிகளுக்கு நட்டஈடு கிடைத்தது. காடாக இருந்த நிலத்தை வெட்டித் திருத்தி, கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, நான்கு தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்களுக்குக் குடியிருந்த காம்பராவின் கதவுகூடச் சொந்தமாகவில்லை. அதே மாதத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட் பதிவேட்டில், அவர்களுடைய பெயர் வேறொரு முதலாளியின் கீழ் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வரலாற்றில் இப்படி நடந்தது முதல் தடவையும் அல்ல. 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது உங்கள் நாடாளுமன்றம் ஒதுக்கிய இரண்டு கோடி பவுண் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குத்தான் போனது. அதற்காக வாங்கிய கடனை அடைத்து முடித்தது 2015-இல். அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. அந்த முறை ஒழிந்த பிறகு பேரரசின் மற்ற நாட்டுத் தோட்டங்களுக்கும் ஆள் தேடி எங்கள் ஊர்களுக்கு வந்தார்கள். வைத்திருந்தவனுக்கு நட்டம் என்றால் கணக்குப் பார்க்கப்படுகிறது. உழைத்தவளுக்கு நட்டம் என்றால் அதை எழுத ஒரு கணக்குப் புத்தகமே இல்லை.

இன்று எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். அம்மாவின் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். அடுத்த காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை எழும்பவில்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு பற்றவைத்தால் புகை எங்கள் வீட்டுக்கும் வரும், அங்கே குழந்தை இருமினால் இங்கே அம்மா விழித்துக்கொள்வார். தகரத்தின் ஓட்டைகளுக்குத் தம்பி தார் பூசுகிறான். அவன் சொந்தச் செலவில் ஒரு சுவரை எழுப்பத் தொடங்கியபோது அனுமதியில்லை என்று தோட்ட நிர்வாகம் இடித்துப்போடச் சொன்னது. லயனில் தனித்தனி முகவரி கிடையாது. கடிதங்களெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. எனக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்துக் கைக்கு வந்தது. மறுபடி அழைப்பு வர மூன்று வருடமானது. அந்தக் கடித உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாய் ஆனது, 2024-இல் 1,350 ரூபாய். நாட்டின் பணம் 2022-இல் என்ன ஆனது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் 2003-இல்தான் முடிந்தது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட இருந்த தடை 2018-இல்தான் நீங்கியது. ஐக்கிய நாடுகளின் சமகால அடிமைத்தனம் குறித்த விசேட அறிக்கையாளர் தோமோயா ஒபொகாட்டா 2021-இல் வந்து பார்த்தார். எங்கள் நிலைமையைத் தன் அறிக்கையில் எழுதினார்.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னின்று கொண்டுவரும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்குவது பிரித்தானியா. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாருக்குப் பதில் வேண்டும் என்று நீங்கள் கேட்பதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். அவர்கள் எங்கள் உறவுகள். 1977-க்குப் பின் கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களும் அந்தப் போரில் அகப்பட்டன. ஆனால் பொறுப்புக்கூறல் என்ற சொல்லை இலங்கையை நோக்கிச் சொல்லும் நாடு, அதே தீவில் தன் கணக்கில் நிற்கும் பொறுப்பைப் பற்றியும் வாய் திறக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு இங்கே எடை கூடும். 'முதலில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்' என்று பதில் பேசுகிறவர்களின் வாயையும் அதுவே அடைக்கும்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. கென்யாவில் உங்கள் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ எழுச்சியின்போது சித்திரவதைக்கு ஆளானவர்கள் விடாமல் வழக்காடியபோது, உங்கள் வெளியுறவு அமைச்சின் நிலையமான ஹான்ஸ்லோப் பார்க்கில் ஒளிந்திருந்த கோப்புகள் 2011-இல் வெளியே வந்தன. 2013 ஜூனில் உங்கள் வெளியுறவுச் செயலாளர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் எழுந்து வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவையும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண் கொடுக்க உங்கள் அரசு உடன்பட்டது. அவர்களில் பலர் அப்போதே முதியவர்கள். எங்களை வழக்குப் போட வைக்காதீர்கள். அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை.

எனவே கேட்கிறேன்.

எங்கள் மக்களைக் கொண்டுவந்ததிலும், கடனில் கட்டிவைத்ததிலும், 1947-48-இல் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விட்டுப் போனதிலும் பிரித்தானிய அரசுக்கு இருந்த பங்கை உங்கள் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மலையகத் தமிழரிடம் முறையாக மன்னிப்புக் கேளுங்கள். 'வருந்தத்தக்க வரலாறு' என்ற பொதுவான வாசகம் வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மண்டபம் முகாம், தொழிலாளர் ஆணையாளர் அலுவலகம், தோட்டக் கம்பனிகள், குடியேற்ற நாட்டு அமைச்சு ஆகியவை விட்டுச்சென்ற பதிவுகளில் உங்கள் நாட்டில் இருப்பவை அனைத்தையும், ஹான்ஸ்லோப் பார்க்கிலிருந்து வந்த இலங்கைக் கோப்புகளையும் சேர்த்து, மின்வடிவாக்கி இலவசமாகத் திறந்துவிடுங்கள். பெயரையும் ஊரையும் தகரத் துண்டின் எண்ணையும் கொண்டு தமிழில் தேட முடிய வேண்டும். ஒரு பிரதியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலாவது மலையக நகரம் ஒன்றின் பொது நூலகத்திலாவது வையுங்கள். இதற்கு ஒரு நாட்டின் அனுமதியும் தேவையில்லை. இந்த வருடமே தொடங்கலாம்.

இலங்கை அரசுடன் நீங்கள் நடத்தும் இருதரப்புப் பேச்சுகளில் தோட்ட மக்களின் காணி உரிமையையும் வீட்டு உறுதியையும் நிரந்தர விடயமாகச் சேருங்கள். 2017-இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்துவிட்டுப் போனார். எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நீங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் என ஒரு நிதியை ஒதுக்குங்கள். அது உதவி என்ற தலைப்பில் வர வேண்டாம். 1975-இல் கம்பனிகளுக்குக் கிடைத்ததன் மறுபாதி என்று எழுதி அனுப்புங்கள். அந்த நிதியை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் குழுவில் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

உயர்ஸ்தானிகர் அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மலைநாட்டுக்கு வரும்போது துரை பங்களாவில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பாதீர்கள். காலை பிரட்டுக்கு, அதாவது ஆளெடுத்து வேலை பிரிக்கும் நேரத்துக்கு, முன்னால் ஒரு லயனுக்கு வாருங்கள். மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிவாருங்கள். நிர்வாகத்தின் ஆள் கூட இருந்தால் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். அம்மா அந்தத் தகரத் துண்டைக் காட்டுவார். அதைக் கொண்டுபோய்விட வேண்டாம், எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி பகிரங்கமாகத் தாருங்கள். என் பெயருக்குத் தனியாக எழுதுவதென்றால் தோட்டக் காரியாலயத்துக்கு அனுப்பாதீர்கள். அது எங்கள் கைக்கு வந்து சேராது.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் லயனில் பிறந்த,
ஓய்வுபெற்ற ஆசிரியர்